எரிந்த தலைக்குப் பதிலாக ஒரு தகர டப்பா
(ஆர்.எஃப். பவர் அளக்க நாமே செய்யும் சென்சார்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று நழுவப் பார்த்தேன். "நீ லேப்ல கட்டின டப்பாவைப் பத்தியே எழுதுடா" என்றான். ஆகவே எழுதுகிறேன். இது ஒரு சென்சாரைப் பற்றிய பாடம். கூடவே நான் செய்த ஒரு தவறும் இதில் வரும். அதை மறைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் எழுதினால், இந்த டப்பா எதற்காகப் பிறந்தது என்பதே உங்களுக்குப் புரியாது.

நடந்தது என்ன?

ஐந்தாம் செமஸ்டர் கம்யூனிகேஷன் லேப். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்து, அதை ஒரு ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, வெளியே வரும் பவரை மீட்டரில் அளக்க வேண்டும். பவர் மீட்டரின் சென்சாரை லேபில் எல்லோரும் 'தலை' என்றுதான் சொல்வோம். ஆம்ப்ளிஃபையருக்கும் தலைக்கும் நடுவில் 20 டெசிபெல் அட்டனுவேட்டர் போட வேண்டும் என்று மேனுவலில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. நான் அவசரத்தில் அட்டனுவேட்டரை மேஜை மேலேயே வைத்துவிட்டு, கேபிளை நேராகத் தலையில் செருகிவிட்டேன். முள் ஒரு துள்ளுத் துள்ளிக் கீழே விழுந்தது. பிறகு ஜீரோ குமிழை எப்படித் திருப்பினாலும் எழுந்திருக்கவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் வந்த பேட்ச்தான் மீட்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தது. லேப் சாமான்களுக்குப் பொறுப்பு எங்கள் அட்டெண்டர் அண்ணன். கேள்வி முழுக்க அவர் தலையில் விழுந்தது. இரண்டு நாள் ஒவ்வொரு பேட்ச்சாக வந்து, "தம்பி, யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

சார் திட்டவில்லை. "முதல்ல அண்ணன்கிட்ட போய்ச் சொல்லிட்டு வா" என்றார். சொல்லிவிட்டு வந்தேன். "புதுத் தலை வாங்க இப்ப காசும் இல்ல, நாளும் இல்ல. அடுத்த மாசம் அடுத்த பேட்ச் பசங்களுக்கு இதே எக்ஸ்பெரிமெண்ட். எரிச்சவன் நீ, நீயே ஒண்ணு கட்டு. ஆனா ஒண்ணு. அது காட்டுற நம்பர் சரியான நம்பர்தான்னு நீ எனக்கு நிரூபிக்கணும்" என்றார்.

கட்டுவதை விட அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால், போலி நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கியவன் நான்தானே!

எரிந்தது எது?

எங்கள் தலை தெர்மிஸ்டர் வகையைச் சேர்ந்தது. இந்த வகையில் பேர் பெற்றது ஹெவ்லெட்-பாக்கார்ட் 478ஏ. அதன் உள்ளே கடுகு போன்ற இரண்டு தெர்மிஸ்டர் மணிகள் இருக்கும். மீட்டர் தன் டி.சி. கரண்ட்டால் அவற்றைச் சூடாக்கி, ஒவ்வொன்றையும் 100 ஓம்ஸில் நிறுத்தி வைக்கும். மீட்டரின் கண்ணுக்கு இரண்டும் சீரிஸ், ஆக 200 ஓம்ஸ். ஆர்.எஃப்.பின் கண்ணுக்கோ, கெப்பாசிட்டர்களின் உபயத்தால், இரண்டும் பேரலல், ஆக 50 ஓம்ஸ். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்!

ஆர்.எஃப். உள்ளே வந்ததும் மணிகள் இன்னும் சூடாகப் பார்க்கும். ரெசிஸ்டன்ஸ் மாறாமல் இருக்க, மீட்டர் தன் டி.சி. பவரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு குறைத்ததோ, அவ்வளவுதான் வந்த ஆர்.எஃப். பவர். இதற்கு டி.சி. சப்ஸ்டிட்யூஷன் என்று பெயர். அதாவது ஆர்.எஃப். இருந்த இடத்தில் டி.சி.யை உட்கார வைத்து அளப்பது. டி.சி.யைத்தான் நம்மால் சாதாரண மல்டிமீட்டரிலேயே சரியாக அளக்க முடியுமே!

இந்த மணிகளின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. கடுகளவு மணி கடுகளவு பவரைத்தான் தாங்கும். 478ஏ-யில் அளக்கக்கூடியது 10 மில்லிவாட் வரை. அது தாங்கும் சராசரி பவரின் எல்லை 30 மில்லிவாட். அதற்கு மேல் போனால், என் கதைதான்.

அப்படியானால் வழி?

சூடுதான் வழி. ஒரு ரெசிஸ்டரில் கரண்ட் போனால் சூடாகும் என்பதை 1840-களிலேயே ஜேம்ஸ் ஜூல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்தக் கரண்ட் டி.சி.யா, 10 மெகாஹெர்ட்ஸா என்று ரெசிஸ்டருக்குத் தெரியாது. 100 மில்லிவாட் என்றால் 100 மில்லிவாட் சூடு, அவ்வளவுதான். ஆக, கடுகு மணிக்குப் பதிலாகச் சாதாரண கால் வாட் ரெசிஸ்டரை ஆர்.எஃப்.பால் சூடாக்கி, அதே சூட்டை டி.சி.யால் உண்டாக்கி, டி.சி.யை அளந்துவிட்டால் வேலை முடிந்தது. நுணுக்கம் குறையும். ஆனால் சுலபத்தில் எரியாது, கணக்கும் ஏமாற்றாது.

வேண்டிய சாமான்கள்

100 ஓம்ஸ், கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் 4. 10 கிலோ ஓம்ஸ் என்.டி.சி. தெர்மிஸ்டர் (சின்ன மணி வகை) 2, 10 கிலோ ஓம்ஸ் 1 சதவீத ரெசிஸ்டர் 2, 2 கிலோ ஓம்ஸ் மல்டிடர்ன் பிரிசெட் 1, பி.என்.சி. சாக்கெட் 2, '103' என்று அச்சிட்ட 0.01 மைக்ரோஃபாரட் டிஸ்க் கெப்பாசிட்டர் 4, 100 ஓம்ஸ் 2 வாட் ரெசிஸ்டர் 1, 1.5 வோல்ட் பேட்டரி. கொஞ்சம் ஹீட்சிங்க் பேஸ்ட். தைலம் வருமே, அந்த மாதிரிச் சின்னத் தகர டப்பா 2. ஒரு தெர்மோகோல் பெட்டி. டி.வி. பேக்கிங்கில் வந்த தெர்மோகோலைத்தான் நான் வெட்டி ஒட்டினேன்.

கட்டும் முறை

இரண்டு டப்பாவையும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே மாதிரி கட்ட வேண்டும். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பி.என்.சி. சாக்கெட்டை உடலோடு சேர்த்து சால்டர் செய்யுங்கள். இரண்டு 100 ஓம்ஸ் ரெசிஸ்டரைப் பேரலலாக, சாக்கெட்டின் நடுப் பின்னிலிருந்து டப்பாவின் உடலுக்குப் போடுங்கள். 50 ஓம்ஸ் ஆகிவிட்டது. ரெசிஸ்டரின் கால்களை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டுங்கள். இதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

இரண்டு ரெசிஸ்டருக்கும் நடுவில் தெர்மிஸ்டர் மணியைப் பேஸ்ட் தடவிச் செருகி, நூலால் கட்டிவிடுங்கள். தெர்மிஸ்டரின் கால்களுக்கு ஸ்லீவ் போட மறக்காதீர்கள். வெளியேறும் இரண்டு ஒயரையும், டப்பாவை விட்டு வெளியே வரும் இடத்தில், ஒவ்வொரு டிஸ்க் கெப்பாசிட்டரால் உடலுக்கு பைபாஸ் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆர்.எஃப். அந்த ஒயர் வழியாக மல்டிமீட்டருக்குள் புகுந்து விளையாடும். நான் முதலில் கெப்பாசிட்டர் போடவில்லை. ஒயரைத் தொட்டாலே ரீடிங் மாறியது. அரை நாள் வீண்.

இரண்டு டப்பாவும் ஒரே தெர்மோகோல் பெட்டிக்குள் போக வேண்டும். ஆனால் நடுவில் ஒரு தெர்மோகோல் தடுப்பு வேண்டும். ஒன்றின் சூடு மற்றதற்குத் தாவக் கூடாது. ஃபேன் காற்று இரண்டையும் தொடக் கூடாது.

இனி பிரிட்ஜ். முதலாமாண்டில் படித்த அதே வீட்ஸ்டன் பிரிட்ஜ்தான். இரண்டு தெர்மிஸ்டரும் சீரிஸில் ஒரு பக்கம். இரண்டு 10 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டரும், அவற்றுக்கு நடுவில் பிரிசெட்டுமாக மறு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே 1.5 வோல்ட் பேட்டரி. தெர்மிஸ்டர்கள் இரண்டும் சேரும் இடத்துக்கும் பிரிசெட்டின் நடுக்காலுக்கும் இடையில், 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் டிஜிட்டல் மல்டிமீட்டர்.

ஏன் 1.5 வோல்ட் மட்டும்? பெரிய வோல்ட்டேஜ் கொடுத்தால் தெர்மிஸ்டர் தானாகவே சூடாகிவிடும். இப்போது ஒவ்வொரு தெர்மிஸ்டரிலும் சுமார் 0.75 வோல்ட்; பவர் 56 மைக்ரோவாட்தான். நாம் அளக்கப்போவது மில்லிவாட்டில். அதனால் பாதகம் இல்லை. இந்த வகைத் தெர்மிஸ்டர் அறை வெப்பத்தில் ஒரு டிகிரிக்கு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் மாறும். அப்படியானால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குப் பிரிட்ஜில் ஏறக்குறைய 16 மில்லிவோல்ட் வரும். தாராளம்!

முதலில் டி.சி., பிறகுதான் ஆர்.எஃப்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் டப்பாதான் நம் சென்சார். இரண்டாவது டப்பா அதற்குத் தராசுப் படிக்கல். எதிலும் பவர் கொடுக்காமல் அரை மணி விட்டுவிட்டு, பிரிசெட்டைத் திருப்பி மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு முதல் டப்பாவுக்கு 2.00 வோல்ட் டி.சி. கொடுங்கள். பிரிட்ஜ் சாயும். இரண்டாம் டப்பாவுக்கு இன்னொரு டி.சி. சப்ளையிலிருந்து மெல்ல வோல்ட்டேஜ் ஏற்றி மறுபடி ஜீரோவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்றால் அங்கேயும் 2.00 வோல்ட்தான் வர வேண்டும்.

எனக்கு 2.03 வந்தது. கணக்குப் போடுவோம். பவர் என்பது வோல்ட்டேஜின் வர்க்கத்தை 50-ஆல் வகுத்தது. முதல் டப்பாவில் 80 மில்லிவாட். இரண்டாம் டப்பாவில் 82.4 மில்லிவாட். 80-ஐ 82.4-ஆல் வகுத்தால் 0.97. ஆக, என் டப்பாவில் எந்த ரீடிங் வந்தாலும் 0.97-ஆல் பெருக்க வேண்டும். வேறு வோல்ட்டேஜ்களிலும் இப்படிச் செய்து பார்த்துவிட்டு, அந்த நம்பரை டப்பாவின் மேலேயே ஒட்டினேன்.

சப்ளையிலிருந்து நேராகக் கொடுக்காமல், 100 ஓம்ஸ் 2 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள். குமிழ் கை தவறிக் கொஞ்சம் அதிகம் திரும்பினாலும் உள்ளே இருப்பது தப்பிக்கும். வோல்ட்டேஜையும் சப்ளையின் முகப்பில் பார்க்காதீர்கள். டப்பாவின் சாக்கெட்டிலேயே மல்டிமீட்டர் வைத்து அளவுங்கள். வோல்ட்டேஜில் 1 சதவீதம் பிசகினால் பவரில் 2 சதவீதம் பிசகும். 300 மில்லிவாட்டுக்கு மேல், அதாவது டி.சி.யில் 3.87 வோல்ட்டுக்கு மேல், போகாதீர்கள். இரண்டு கால் வாட் ரெசிஸ்டர் சேர்ந்தால் அரை வாட்தான்.

என் தவறை நானே அளந்தேன்

ஜெனரேட்டரையும் அதே ஆம்ப்ளிஃபையரையும் எடுத்தேன். இந்த முறை முழு அளவு வைக்கவில்லை. ஜெனரேட்டரை 3 டெசிபெல், அதாவது பவரில் பாதி, குறைத்து வைத்தேன். கேபிளை முதல் டப்பாவில் செருகினேன். பிரிட்ஜ் மெல்லச் சாய்ந்தது. அவசரப்படாமல் மூன்று நிமிஷம் காத்திருந்து, இரண்டாம் டப்பாவில் டி.சி.யை ஏற்றினேன். 3.16 வோல்ட்டில் மீட்டர் ஜீரோவுக்கு வந்து நின்றது.

3.16-இன் வர்க்கம் 10 என்றே வைத்துக்கொள்ளலாம். 50-ஆல் வகுத்தால் 200 மில்லிவாட். 0.97-ஆல் பெருக்கினால் 194 மில்லிவாட். சார் பக்கத்திலேயே நின்றார். "நிரூபி" என்றார். டப்பாவின் வாயில் ஒரு டி-கனெக்டர் போட்டு ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தோம். 194 மில்லிவாட் 50 ஓம்ஸில் இருந்தால், உச்சிக்கும் அடிக்கும் இடையில் 8.8 வோல்ட் இருக்க வேண்டும். திரையில் 9 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. இரண்டு வெவ்வேறு வழியில் ஒரே பதில்! சார் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பாதியில் 194 என்றால், அன்று முழு அளவில் ஏறக்குறைய 390 மில்லிவாட் அந்தத் தலைக்குள் போயிருக்கிறது. 30 தாங்கும் இடத்தில் 13 மடங்கு! அட்டனுவேட்டர் போட்டிருந்தால் அது நூறில் ஒரு பங்காகி, 4 மில்லிவாட்டுக்கும் கீழே, பத்திரமாக இருந்திருக்கும். நான் செய்த சென்சார் முதன்முதலாக அளந்து சொன்னது என் தவறின் அளவைத்தான்.

கால் ஏன் குட்டையாக இருக்க வேண்டும்?

ஒயர் என்பது ஒயர் மட்டுமல்ல, இண்டக்டரும்தான். ஒரு மில்லிமீட்டர் ஒயருக்கு தோராயமாக 1 நானோஹென்ரி என்று வைத்துக்கொள்ளலாம். 50 மில்லிமீட்டர் ஒயர் விட்டுவிட்டால் 50 நானோஹென்ரி. 10 மெகாஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் சுமார் 3 ஓம்ஸ், பரவாயில்லை. அதே ஒயர் 145 மெகாஹெர்ட்ஸில் 45 ஓம்ஸுக்கும் மேல்! 50 ஓம்ஸ் லோடுக்கு முன்னால் இது உட்கார்ந்தால், வரும் பவரில் சுமார் 17 சதவீதம் திரும்பிப் போய்விடும். டப்பா தனக்குள் வந்ததைச் சரியாகத்தான் அளக்கும்; ஆனால் வாசலிலிருந்தே திரும்பிப் போனதை அதனால் அளக்க முடியாது. கால்களைக் குட்டையாக வைத்தால் ஷார்ட்வேவ் முழுக்கக் கவலையில்லை. மைக்ரோவேவ் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

டயோடு போதாதா?

"ஒரு டயோடும் கெப்பாசிட்டரும் போட்டா வேலை முடிஞ்சுதே, இதுக்குப் போய் இவ்வளவு பாடா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. டயோடு டிடெக்டர் உடனே பதில் சொல்லும். நம் டப்பா நிமிஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 5 மில்லிவாட்டுக்குக் கீழே நம் டப்பா தடுமாறும். டயோடு அங்கேயும் வேலை செய்யும்.

ஆனால் டயோடு பார்ப்பது உச்சியை. 100 மில்லிவாட்டுக்கு 50 ஓம்ஸில் உச்சி 3.16 வோல்ட். 1என்4148 போட்டால் அதன் டிராப் போக மிச்சம்தான் மீட்டரில் வரும். பவர் குறையக் குறைய அந்த டிராப்பின் பங்கு பெருகிக்கொண்டே போகும். ஆக, டயோடுக்கு ஒரு அட்டவணை போட்டே ஆக வேண்டும். இன்னொன்று, அலை நல்ல சைன் அலையாக இல்லாவிட்டால் டயோடு ஏமாந்துவிடும். ஏ.எம். பாடத்தை நினைத்துப் பாருங்கள். 100 சதவீதம் மாடுலேஷனில் மொத்த பவர் கேரியரைப் போல் 1.5 மடங்கு என்று பரீட்சையில் எழுதுகிறோம். உச்சியைப் பார்க்கும் டயோடு 4 மடங்கு என்று சொல்லும். சூட்டை அளக்கும் டப்பா 1.5 என்றே சொல்லும்.

ஏ.டி.8307 என்ற ஐ.சி. இன்னும் ஒரு படி மேல். 500 மெகாஹெர்ட்ஸ் வரை, 92 டெசிபெல் அகலத்துக்கு, ஒரு டெசிபெலுக்கு 25 மில்லிவோல்ட் என்று நேர்க்கோடாகக் கொடுக்கும். இதை வைத்து வெஸ் ஹேவர்ட், பாப் லார்க்கின் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள் 2001 ஜூன் கியூ.எஸ்.டி. இதழில் எழுதிய பவர் மீட்டரை ஹாம்கள் பலர் கட்டியிருக்கிறார்கள். அதையும் கட்டுங்கள். ஆனால் அதற்கும் ஒரு புள்ளியில் "இதுதான் இத்தனை மில்லிவாட்" என்று யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த யாரோ ஒருவர் நம் தகர டப்பாவாக இருக்கலாம். டப்பா குரு, டயோடும் ஐ.சி.யும் சிஷ்யர்கள். டப்பாவில் 10 மில்லிவாட் என்று சரிபார்த்த சிக்னலை 20 டெசிபெல் அட்டனுவேட்டர் வழியாக விட்டால், 100 மைக்ரோவாட்டுக்கு ஒரு அடையாளம் கிடைத்துவிடும்.

முடிவாக

அடுத்த பேட்ச்சுக்கு எக்ஸ்பெரிமெண்ட் குறித்த தேதியில் நடந்தது. ஒரு ரீடிங்குக்கு ஐந்து நிமிஷம் ஆனதால் தம்பிகள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். ஆனால் டி.சி. சப்ஸ்டிட்யூஷன் என்றால் என்ன என்று இப்போது அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; புத்தகம் பார்க்காமல் சொல்வார்கள். மூடிய தலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததை, இவர்கள் தங்கள் கையாலேயே குமிழைத் திருப்பிச் செய்கிறார்கள் அல்லவா?

என் ரெக்கார்டில் அந்தப் பழைய பக்கத்தை அடித்துவிட்டு, புது ரீடிங்கை எழுதி சாரிடம் மறுபடி கையெழுத்து வாங்கினேன். சாமான் ரிஜிஸ்டரில் அட்டெண்டர் அண்ணன் தன் கையாலேயே, "ஆர்.எஃப். சென்சார், மாணவர் தயாரிப்பு, 1" என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறார். கேட்டால் எடுத்துத் தருவார். தரும்போது அட்டனுவேட்டரையும் சேர்த்தே கையில் திணிப்பார். வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டிப் பாருங்கள் நண்பர்களே. சந்தேகம் வந்தால் லேபுக்கு வாருங்கள். எதையாவது எரித்துவிட்டால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.